டிராபி வேட்டைக்கும் மந்தைக்கான வேட்டைக்கும் இரண்டு சொற்கள்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

கொம்பையோ தலையையோ நினைவுப்பொருளாக வைத்துக்கொள்வதற்காக விலங்கைச் சுடும் ‘டிராபி ஹன்டிங்’ என்பதற்குக் ‘கோப்பை வேட்டை’ என்றும் மந்தையைச் சீராக வைத்திருப்பதற்காக அதிலிருந்து சில விலங்குகளைச் சுடும் ‘மேனேஜ்மென்ட் ஹன்டிங்’ என்பதற்கு ‘மேலாண்மை வேட்டை’ என்றும் இந்த இழையில் முன்மொழியப்பட்டிருக்கும் இரண்டு சொற்களையும் என்னால் ஏற்க முடியவில்லை. முதலாவதைப் படிப்பவருக்குக் கால்பந்துப் போட்டி நினைவுக்கு வரும். இரண்டாவதைப் படிப்பவர், மேலாளர்களைத்தான் யாரோ துரத்துகிறார்கள் என்று எண்ணக்கூடும்.

சில மாதங்களுக்கு முன் நமீபியாவின் வேட்டைப் பண்ணை ஒன்றின் விலைப்பட்டியலைத் தமிழாக்க நேர்ந்தது. அதில் ஒரே விலங்குக்கு இரண்டு விலைகள் இருந்தன. கெம்ஸ்பாக் என்னும் நீள்கொம்பு இரலை டிராபி வரிசையில் ஒரு விலைக்கும், மந்தை மேலாண்மை வரிசையில் அதைவிட மிகக் குறைந்த விலைக்கும் கிடைத்தது. வாடிக்கையாளர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதைப் பொறுத்து எந்த விலங்கு சாகும் என்பதே மாறிவிடுகிறது.

அந்தி வேளையில் நீர்த்துறைக்குப் பத்துப் பன்னிரண்டு கெம்ஸ்பாக்குகள் வந்து நிற்கின்றன என்று கொள்வோம். டிராபி வேட்டைக்கு வந்தவருடன் இருக்கும் வழிகாட்டி, தொலைநோக்கியில் கொம்பின் நீளத்தையும் அடிப்பருமனையும் மட்டுமே மதிப்பிட்டுக்கொண்டிருப்பார். இந்த இனத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்பு உண்டு என்பதோடு, பெண்ணின் கொம்பு மெல்லியதாயினும் பெரும்பாலும் ஆணின் கொம்பைவிட நீளமானது. ஆகவே அவர் கைகாட்டுவது ஒரு பெண்ணாகவும் இருக்கலாம். சுட்டபின் தோலை உரித்து, உப்புத் தடவி, மண்டையோட்டைக் கொதிக்கவைத்துத் துப்புரவாக்கி, பாடம் செய்ய, அதாவது கெடாமல் பதப்படுத்தி உருவமாக்க, அனுப்புவார்கள். மந்தைக்காக வேட்டையாட வந்தவருக்கோ அதே வழிகாட்டி ஒரு கொம்பு முறிந்ததையோ, கன்று இல்லாமல் மெலிந்து நிற்கும் கிழட்டுப் பெண்ணையோ காட்டுவார். அதன் உடல் பண்ணையின் குளிரறைக்குப் போகும். தலை பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும்.

ஆகவே இவ்விரண்டையும் பிரிப்பது துப்பாக்கியோ, பணமோ, வேட்டைக்காரரின் மனநிலையோ அன்று. எந்த விலங்கு என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோல்தான். டிராபி வேட்டைக்குப் ‘பெருமித வேட்டை’ என்று ஒருவர் பரிந்துரைத்திருந்தார். எனக்கும் அந்தப் பழக்கத்தின்மீது பெரிய மதிப்பில்லை. ஆனால் கலைச்சொல்லே தீர்ப்பையும் எழுதிவிட்டால் அதை வைத்துக்கொண்டு வாதிட இடமே இராது.

டிராபிக்கு என் பரிந்துரை ‘வாகைப்பொருள்’. அதற்கான வேட்டை ‘வாகைவேட்டை’. டிராபி என்ற சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல், பகைவர் புறங்காட்டித் திரும்பிய இடத்தில் நட்டுவைக்கும் வெற்றிச் சின்னத்தைக் குறித்தது. புறப்பொருள் மரபில் வென்றவர் சூடும் வாகை இதற்கு வெகு அருகில் நிற்கிறது. ‘சின்ன வேட்டை’ என்றால் யானையைச் சுட்டதுகூடச் சிறிய வேட்டையாகிவிடும். ‘விருது வேட்டை’ ஏற்கெனவே இலக்கிய உலகத்துக்குச் சொந்தம். ‘கொம்பு வேட்டை’ சிங்கத்துக்குப் பொருந்தாது. 2015இல் ஜிம்பாப்வேயின் ஹுவாங்கே தேசியப் பூங்காவுக்கு வெளியே கொல்லப்பட்ட செசில் என்ற சிங்கம்தான் டிராபி வேட்டை விவகாரத்தை உலகச் செய்தியாக்கியது என்பதால், சிங்கத்தை விட்டுவிட்டுச் சொல் ஆக்க முடியாது.

இரண்டாவதற்குக் ‘களையெடுப்பு’ வேண்டாம். களை என்பது பயிருக்கு அயலான செடி. ஈனும் பருவம் கடந்த ஓர் இரலை தன் கூட்டத்துக்கு அயலானதன்று. நம் கால்நடை வளர்ப்பில் ‘கழித்தல்’ என்ற சொல் பல காலமாகப் புழங்குகிறது: சினைபிடிக்காத ஆட்டை, முட்டையிடாத கோழியைக் கழிக்கிறோம். எனவே ‘மந்தைக்கழிப்பு வேட்டை’ என்கிறேன். காட்டு விலங்குக்கு ‘மந்தை’ பொருந்துமா என்று கேட்பீர்கள். பொதுவாகப் பொருந்தாது, ‘கூட்டம்’ என்பதே சரி. ஆனால் நமீபியாவில் 1975ஆம் ஆண்டின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம், வேலியிட்ட பண்ணையில் வாழும் கெம்ஸ்பாக், குடூ என்னும் மற்றோர் இரலை போன்ற சில விலங்குகளைப் பண்ணையாளருக்கே உடைமையாக்கியது. (‘கூடு’ என்று எழுதினால் பறவைக்கூடு ஆகிவிடுவதால் ‘குடூ’ என்று எழுதுகிறேன்.) உடைமையும் வேலியும் வந்தபின் அதை மந்தை என்பதில் தவறில்லை.

இவ்விரண்டோடும் சேர்க்கக்கூடாத மூன்றாவது ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் 1967 முதல் 1994 வரை, யானைகளின் எண்ணிக்கையை ஏறத்தாழ 7,000 என்ற அளவில் நிறுத்துவதற்காக 14,000க்கும் மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன. ஹெலிகாப்டரில் வந்த பூங்கா ஊழியர்கள் யானைகளைக் குடும்பம் குடும்பமாகக் கொன்றார்கள். 2024 ஆகஸ்டில் நமீபியா கடும் வறட்சியின்போது 83 யானைகளும் 300 வரிக்குதிரைகளும் உட்பட 723 விலங்குகளைக் கொன்று இறைச்சியை மக்களுக்கு வழங்க முடிவுசெய்ததும் இந்த வகையே. இதில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்கே வேலையில்லை, ‘தொகைக்குறைப்பு’ போதும்.

என் அளவுகோல் தடுமாறும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 2014இல் நமீபியாவில் ஒரு கருங்காண்டாமிருகத்தை வேட்டையாடும் அனுமதி அமெரிக்காவின் டாலஸ் நகரில் 3,50,000 டாலருக்கு ஏலம் போனது. இனவிருத்திப் பருவம் கடந்தும் இளைய ஆண்களைத் தாக்கும் கிழட்டு ஆண்தான் இலக்கு என்று விளக்கம் தரப்பட்டது. விலங்கைத் தேர்ந்தெடுத்த காரணத்தை மட்டும் பார்த்தால் இது மந்தைக்கழிப்பு. ஆனால் அவ்வளவு பணம் கொடுத்து ஒருவர் காண்டாமிருகங்களுக்கு ஒத்தாசை செய்தார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

கிழட்டு ஆண் கூட்டத்துக்குத் தேவையற்றது என்ற கூற்றும் எல்லா இனத்துக்கும் செல்லாது. குரூகரில் தாய்களை இழந்து அதே நாட்டின் பிலானஸ்பர்க் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்ட யானைக் கன்றுகள், அடக்க மூத்த களிறுகள் இல்லாமல் வளர்ந்து, 1990களில் மதம் பிடித்துக் காண்டாமிருகங்களைக் கொல்லத் தொடங்கின. 1998இல் ஆறு மூத்த களிறுகளைக் கொண்டுவந்து விட்டபின்தான் அது அடங்கியது. ஆகையால் மந்தைக்கழிப்பின் வரையறையில் ‘பயனற்ற விலங்கு’ என்று எழுதாமல், ‘மந்தையை வைத்திருப்போர் கழிக்கத் தீர்மானித்த விலங்கு’ என்று எழுத வேண்டும். ஒரே வேட்டை இரண்டு வகையிலும் அடங்கக்கூடும் என்ற குறிப்பும் வேண்டும்.

வாகைப்பொருள், வாகைவேட்டை, மந்தைக்கழிப்பு வேட்டை, தொகைக்குறைப்பு ஆகிய நான்கையும் பட்டியலில் சேர்க்கலாமா? ‘கழிப்பு’ என்றதும் கழிப்பறை நினைவுக்கு வருகிறது என்போர் மாற்றுச் சொல்லோடு வந்தால் மகிழ்வேன்.