94 கிலோ ஆளுக்கு 14 அடி போர்டு சரிவருமா?

வணக்கம் மக்களே. கோவளத்துல ஒரு வருஷமா சப் (SUP) போர்டுல, அதாவது நின்னுக்கிட்டே ஓட்டுற பலகையில, துடுப்பு போடுறேன். எடை 94 கிலோ. இப்ப இருக்கிறது 12 அடி 6 அங்குலம், காத்தடிச்சு நிரப்புற போர்டு. நான் ஏறி நின்னா நடுவுல தொய்ஞ்சு, வால் பக்கம் தண்ணி மேல ஏறுது. அதே போர்டுல 60 கிலோ தம்பி வழுக்கிட்டுப் போறான். நான் உழுதுட்டுப் போறேன்.

ரேஸுக்கு 14 அடி கெட்டி போர்டு வாங்கலாம்னு இருக்கேன். நீளத்தால வர்ற வேகம் கணக்குப்படி 6 சதவீதம் போலத்தான். ஆனா எடை பரவி, கம்மியா அமிழுமே, எனக்கு அதுதான் பெரிய லாபம்னு தோணுது.

அகலம் 25 அங்குலமா, 27-ஆ? போர்டோட கொள்ளளவு எத்தனை லிட்டர் பார்க்கணும்? மிதவையைச் சுத்தித் திரும்பும்போது நீளம் படுத்துமா? 90 கிலோ தாண்டின அண்ணன்மார் ஓட்டிப் பார்த்திருந்தா சொல்லுங்க. (வீட்டுல "எடையைக் குறை, காசு மிச்சம்"ங்கிறாங்க. அது வேற கதை.)