அம்மாவுக்கு எந்த முதியோர் இல்லம்: எங்கள் வீட்டுக் குழுவில்

மூத்த அண்ணன், 6:12
தோப்பு இல்லத்தின் மேலாளர் மறுபடியும் அழைத்தார். நாளைக்குள் முன்பணம் கட்டாவிட்டால் அந்த அறை வேறொருவருக்குப் போய்விடுமாம். எல்லோரும் முடிவு சொல்லுங்கள்.

சிங்கப்பூர் தம்பி, 6:15
படங்களைப் பார்த்தேன், அறை நன்றாக இருக்கிறது. பணம் அனுப்பிவிடுகிறேன்.

திருப்பூர் சித்தி, 6:16
உள்ளேயே பிள்ளையார் கோயில் இருக்கிறதாமே. அக்காவுக்கு அது போதும்.

கோவை அக்கா, 6:31
அண்ணா, இன்று பணம் கட்ட வேண்டாம். நேற்று இரண்டு இடங்களையும் நேரில் பார்த்துவிட்டு வந்தேன். நீளமாக எழுதுகிறேன், முழுவதும் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். தோப்பு இல்லத்தில் அறை முழுக்க வெளிச்சம், வாசலில் மரநிழல், சாப்பாடும் நம் வீட்டுப் பக்குவம்தான். ஆனால், குளியலறையில் விழுந்தவர் கிடந்தபடியே இழுப்பதற்காகக் கட்டிய மணிக்கயிற்றை, தரையிலிருந்து எட்டாதபடி, துண்டு போடும் கம்பியில் சுற்றி முடிந்து வைத்திருக்கிறார்கள். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் மாதத்தில் வாக்கரைப் பிடித்து நடக்கும் அம்மாவுக்கு அந்தக் கயிறுதான் முதலில் வேண்டும். அங்கே படுக்கையிலேயே இருக்கும் ஒரு பாட்டியின் குறிப்பேட்டையும் பார்த்தேன். நான் பார்த்தது மாலை நாலரை மணிக்கு. மாலை ஆறு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் அவரைத் திருப்பிப் படுக்கவைத்ததாக அப்போதே கையெழுத்து இருந்தது.

அண்ணி, 6:34
இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்புவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மாமா படுத்திருந்த பதினோரு மாதமும் அலாரம் வைத்து எழுந்தவள் நான்.

சிங்கப்பூர் தம்பி, 6:35
அதை யாரும் மறக்கவில்லை, அண்ணி.

அண்ணி, 6:35
யாரும் இதுவரை சொன்னதும் இல்லை.

திருப்பூர் சித்தி, 6:37
அத்தானின் முதுகில் கடைசிவரை ஒரு புண் வரவில்லை. அது உன் கைதான் கண்ணு.

மூத்த அண்ணன், 6:39
அந்த இன்னொரு இடம் எப்படி?

கோவை அக்கா, 6:52
ஊருக்குள் இருக்கும் பழைய கட்டடம். மூன்று பேருக்கு ஓர் அறை, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், மாடிப்படி ஏறும்போதே டெட்டால் நெடி. ஆனால் அங்கே ஓர் உதவியாளர் பெண் ஒரு பாட்டியை ஒருக்களித்துப் படுக்கவைத்ததைக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தார். பிறகு குதிகால் மெத்தையில் படாமல் இருக்க, கெண்டைக்காலுக்கு அடியில் மடித்த போர்வையைச் செருகினார். நான் நிற்பது அவருக்குத் தெரியாது. இரவில் இரண்டு நர்ஸ்கள் விழித்திருப்பதாகச் சொன்னார்கள். பணி அட்டவணையையும் காட்டினார்கள்.

சிங்கப்பூர் தம்பி, 6:54
அரசாங்க விதி ஏதாவது இருக்குமே அக்கா?

கோவை அக்கா, 6:58
2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகள்மீது வைக்கிறது. ஆதரவற்ற முதியோர் 150 பேராவது தங்கும் அளவுக்கு மாவட்டந்தோறும் இல்லம் அமைப்பதைப் பற்றியும் சொல்கிறது. ஆனால் நாம் பணம் கட்டிச் சேர்க்கும் இடத்தில் இரவு எத்தனை நர்ஸ் இருக்க வேண்டும் என்ற எண் அந்தச் சட்டத்தில் இல்லை. ஆகவே நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

மூத்த அண்ணன், 7:05
நீ சொல்வது புரிகிறது. ஆனால் அம்மா வேற்று மனிதர்களோடு ஓர் அறையில் படுத்ததே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து, மனம் உடைந்து, சாப்பாட்டை ஒதுக்கிவிட்டால் எந்த நர்ஸ் என்ன செய்ய முடியும்?

சிங்கப்பூர் தம்பி, 7:06
பொள்ளாச்சி வீட்டை விற்காமல் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

திருப்பூர் சித்தி, 7:06
அதை இப்போது எடுக்காதே கண்ணு.

கோவை அக்கா, 7:19
அண்ணன் சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். இன்சுலின் போட்டபிறகு அம்மா சரியாகச் சாப்பிடாவிட்டால் ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடலாம். அதனால் மனதுக்குப் பிடித்த இடமும் மருத்துவத்தில் பாதிதான். ஆனால் அப்படி இறங்குவது இரவு இரண்டு மணிக்கு என்றால், வியர்த்து, பேச்சுக் குழறும்போது அதைக் கண்டுபிடித்துச் சர்க்கரை கொடுக்க ஓர் ஆள் விழித்திருக்க வேண்டும். தோப்பு இல்லத்தில் இரவில் யார் இருப்பார் என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் தோட்டத்தைத்தான் காட்டினார்கள். சொல்லாமல் இரவு பத்து மணிக்கு இரண்டு இடங்களுக்கும் போய்ப் பார்க்க வேண்டும். பழைய கட்டடத்தில் தெருப்பக்க அறை காலியாகுமா என்றும் கேட்க வேண்டும்.

திருப்பூர் சித்தி, 7:22
அக்காவிடம் யாராவது கேட்டீர்களா?

அண்ணி, 7:30
இப்போதுதான் கேட்டேன். இரவில் விளக்கை அணைக்க விடுவார்களா என்றார்கள். ஊசியைத் தினமும் ஒரே ஆள் போடுவாரா, ஆள் மாறிக்கொண்டே இருக்குமா என்றும் கேட்டார்கள். வேறு எதுவும் சொல்லவில்லை.

மூத்த அண்ணன், 7:34
சரி, புதன்கிழமைவரை அவகாசம் கேட்டுப் பார்க்கிறேன். கொடுப்பாரா என்று தெரியவில்லை.

கோவை அக்கா, 7:35
செவ்வாய் இரவு போகிறேன். யாராவது ஒருவர் உடன் வந்தால் நல்லது.

அண்ணி, 7:41
நான் வருகிறேன், எனக்குப் பார்த்தால் தெரியும். அன்று இரவு அத்தைக்கு யார் ஊசி போடுவது?