மாதிரிக் கட்டுரையைப் பிள்ளைகளே திருத்தினால் கையெழுத்துக்குத்தான் மார்க் விழுகிறது, என்ன செய்யலாம்?

பென்னாகரம்_டீச்சர்:
வணக்கம். பென்னாகரம் பக்கம் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். கட்டுரை என்றால் நோட்ஸில் இருப்பதை அப்படியே இறக்கி வைக்கிறார்கள், எந்தத் தலைப்பு கொடுத்தாலும் அதே முன்னுரை, அதே முடிவுரை. இதை மாற்ற, போன வருடப் பிள்ளைகளின் கட்டுரைகளைப் பெயரை மறைத்து ஜெராக்ஸ் எடுத்து, கருத்து, அமைப்பு, மொழிநடை, பிழையின்மை என்று நாலு வரிசை, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் என்று ஒரு ரூப்ரிக் (மதிப்பீட்டு அட்டவணை) போட்டு, நீங்களே திருத்துங்கள் என்று கொடுத்தேன். எழுத்து அழகாக இருந்தால் எல்லாவற்றிலும் 4, அடித்தல் திருத்தல் இருந்தால் எல்லாவற்றிலும் 2. அவ்வளவுதான்! தலைப்பு நீர் மேலாண்மை, இரண்டிலிருந்து கொஞ்சம் போடுகிறேன்.

அ: "தண்ணீர் மனித வாழ்வின் அடிப்படைத் தேவையாகும். நீர் உயிர் போன்றது. ஆகவே நீரை வீணாக்காமல் சேமிப்பது நம் அனைவரின் கடமையாகும்."

ஆ: "எங்க ஊரு போர் தண்ணிய குடிச்சா பல்லு மஞ்சலா ஆயிடும்னு பாட்டி சொல்லும். இப்ப ஒகேனக்கல் தண்ணி வருது. வராத அன்னைக்கி போர் தண்ணி தான்."

அ-வுக்கு 16-க்கு 15, 16 என்று அள்ளிப் போட்டார்கள். ஆ 8-ஐத் தாண்டவில்லை. எனக்கு ஆ தான் பிடித்திருக்கிறது. ரூப்ரிக்கை மாற்றுவதா, மாதிரியை மாற்றுவதா?

ஓசூர்_தமிழ்:
மேடம், முதலில் இரண்டையும் டைப் செய்து கொடுங்கள், கையெழுத்துப் பிரச்சினை அதோடு போய்விடும். அப்புறம் உங்கள் ரூப்ரிக்கில் 4 என்றால் மிக நன்று, 3 என்றால் நன்று என்றுதானே இருக்கும்? அதை வைத்துக்கொண்டு பெரியவர்களே திருத்த முடியாது, பதிமூன்று வயதுப் பிள்ளை என்ன செய்யும். கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதாக எழுதுங்கள். கருத்துக்கு 4 என்றால் ஊர், ஆள், நடந்த சம்பவம், அளவு என்று இரண்டு விவரமாவது இருக்க வேண்டும், 1 என்றால் தலைப்பை மாற்றிவிட்டு வேறு கட்டுரைக்கும் ஒட்டலாம். அ-வில் தண்ணீரை எடுத்துவிட்டு மரம் என்று போட்டுப் பாருங்கள், ஒரு குறையும் வராது.

இன்னொன்று, மார்க் போடுவதற்கு முன்னால் அதற்கான வரியைக் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள், கோடு இல்லாத மார்க் செல்லாது. நாலு வரிசையையும் ஒரே பீரியடில் திருத்த விடவும் வேண்டாம். இன்றைக்குக் கருத்து மட்டும், மொழிநடை அடுத்த வாரம். எங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகள் அதிகம், பிழையைப் பார்த்ததும் கருத்திலும் குறைப்பது என்று ஆரம்பித்தால் அவர்கள் எழுதவே மாட்டார்கள்.

பழைய_திருத்துநர்:
கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன், ஓய்வுபெற்று விட்டேன். ஆ நன்றாக இருக்கிறது என்று நாம் இங்கே ரசிக்கலாம், ஆனால் அடுத்த வருடம் பத்தாம் வகுப்பில் இதே பையன் எட்டு மதிப்பெண் கட்டுரையைப் பேச்சுத் தமிழில் எழுதி வைத்தால் திருத்துகிறவர் ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். அதையும் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள் டீச்சர். மற்றபடி ஓசூர் சார் சொன்னது சரி. பொதுத்தேர்வுத் தாள் திருத்தும் முகாமிலும் விடைக்குறிப்பை முதலில் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் விடைத்தாள் கட்டைப் பிரிப்போம். பேசாமல் ஆரம்பித்தால் ஒரே தாளுக்கு ஒருவர் 3 போடுவார், பக்கத்து நாற்காலியில் இருப்பவர் 6 போடுவார். வகுப்பிலும் முதல் கட்டுரையை நீங்களே கரும்பலகையில் சத்தமாக யோசித்துத் திருத்திக் காட்டுங்கள். ஏன் 4 போடவில்லை என்பதைச் சொன்னால்தான் அவர்களுக்கு அளவு பிடிபடும்.

பிஎட்_அரூர்:
ஜார்ஜ் ஹில்லாக்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1986-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார். அளவுகோல் வைத்து மாதிரிகளைத் திருத்திப் பழகுவது, நல்ல கட்டுரைகளை முன்மாதிரியாகப் படிப்பதைவிட அதிகம் பலன் தந்திருக்கிறது, தனியாக இலக்கணம் நடத்துவது கடைசி இடம். ஆனால் வெறும் மார்க்கோடு விடக்கூடாது, குறைந்த மார்க் வாங்கிய பத்தியை அவர்களே திருத்தி எழுத வேண்டும். நீங்கள் 2 போட்ட வரியை 3 ஆக்குங்கள் என்று சொல்லிப் பாருங்கள், 4 வேண்டாம், பயந்துவிடுவார்கள்.

பென்னாகரம்_டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. டைப் செய்து, கருத்து வரிசையை மட்டும் கொடுத்தேன். அ-வில் கோடு போட வரி கிடைக்காமல் ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். ஆ-வை ஒரு குழு இப்படி மாற்றியது: "எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தால் பல் மஞ்சளாகிவிடும் என்று பாட்டி சொல்வார். தண்ணீரில் உள்ள ஃபுளோரைடுதான் காரணம். அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது." கடைசி இரண்டு வரியும் அறிவியல் சாரிடம் போய்க் கேட்டுக்கொண்டு வந்தது. பாட்டி 'சொல்லும்' என்பதை 'சொல்வார்' ஆக்க ஒரு பையன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை, அவன் வீட்டில் பாட்டிக்கு அவ்வளவு மரியாதை கிடையாதாம் 😀

ஒரு கேள்வி பாக்கி. பிள்ளைகள் போடும் இந்த மார்க்கை வளரறி மதிப்பீட்டில் (வகுப்பு வேலைக்கு நாங்கள் போடும் மார்க்கில்) சேர்க்கலாமா?

பழைய_திருத்துநர்:
சேர்க்காதீர்கள். சேர்ப்பது தெரிந்தால் சிநேகிதனுக்கு 4, சண்டைக்காரனுக்கு 1 என்று ஆகிவிடும். திருத்தி எழுதிய பத்திக்கு நீங்கள் போடும் மார்க்கை மட்டும் பதிவேட்டில் ஏற்றுங்கள்.