‘வெப்ப நீக்கம்’ வேண்டாம், ‘அவிப்பு’ என்போமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் வரும் கணுக்களை (சிறு கட்டிகளை) வெட்டாமல் சூட்டால் அழிக்கும் சிகிச்சை தெர்மல் அப்லேஷன். இதைத் தமிழில் ‘வெப்ப நீக்கம்’ என்று எழுதலாம் எனப் பலரும் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

போன வருடம் என் சித்திக்கு இந்தச் சிகிச்சை நடந்தது. ஒப்புதல் படிவத்திலும் ‘நீக்கம்’ என்றே இருந்தது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், கண்ணாடி முன் நின்று எச்சில் விழுங்கிப் பார்த்தார். விரலுக்கடியில் கணு ஏறி இறங்கியது. “எடுத்தாச்சுன்னுதானே எழுதியிருந்தது, இன்னும் இருக்கே!” என்று பயந்துபோனார்.

உண்மையில் எதையும் எடுப்பதில்லை. பரவலாகச் செய்யும் முறையில், அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி ஊசி போன்ற மின்முனையைக் கணுவுக்குள் செலுத்தி, மாறுதிசை மின்னோட்டம் பாய்ச்சுகிறார்கள். அயனிகள் அதிர்ந்து உராய, திசுவுக்குள்ளேயே சூடு பிறக்கிறது. வெள்ளைக்கரு வேகிற மாதிரி புரதம் உறைந்து செல்கள் சாகின்றன. செத்ததை உடல் மெல்லக் கரைத்துக்கொள்கிறது. கணு பாதியாகச் சுருங்கவே சில மாதங்கள் ஆகலாம்.

‘கருக்கல்’ என்பதும் சரிவராது. திசு கருகினால் மின்தடை ஏறி, சூடு பரவாமல் நின்றுவிடும். மருத்துவர் தவிர்க்கப் பார்ப்பதே அதைத்தான்.

என் பரிந்துரை ‘அவிப்பு’. நெல்லை அவிக்கிறோம், விளக்கையும் அவிக்கிறோம். வேகவைப்பது, அணைப்பது இரண்டும் இதில் உண்டு. அவித்த நெல் இருந்த இடத்திலேயே இருக்கும், ஆனால் முளைக்காது.

இரண்டாம் முறை செய்வதற்கும் இதுவே பொருந்தும். குரல்நாண்களுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது; சூடு பட்டால் குரல் கம்மிவிடும். அதனால் அந்த ஓரத்தை விட்டுவைக்க நேரலாம். உயிரோடு தங்கிய ஓரம் சில வருடங்களில் மறுபடி வளரலாம். ‘மறு நீக்கம்’ என்றால் முதலில் சரியாக எடுக்கவில்லை என்றே நோயாளிக்குப் படும். ‘மறு அவிப்பு’ என்றால் அவியாத ஓரத்தை அவிப்பது. ‘மறு’வுக்குப் பதில் ‘மீள்’ போடலாமே என்றால், அதைக் கணு மறுபடி வளர்வதைச் சொல்லும் ‘மீள்வளர்ச்சி’க்கு விட்டுவிடுவோம், நோய்க்கும் மருந்துக்கும் ஒரே முன்னொட்டு வேண்டாம்.

அப்புறம், பெரிதாக வெட்டாமல் செய்யும் சிகிச்சையை (minimally invasive) ‘குறைந்தபட்ச ஊடுருவல்’ என்றால் எந்த நோயாளிக்கும் விளங்காது. ‘ஊசிவழி’ போதும். ஒலியலையைக் குவித்துச் சூடாக்கும் முறையில் ஊசியே இல்லை. அதை வெறும் ‘வெப்ப அவிப்பு’ எனலாம்.

ஆக, ஊசியால் இரண்டாம் முறை செய்வதற்கு முழுப்பெயர் ‘ஊசிவழி வெப்ப மறு அவிப்பு’. புணர்த்தினால் ‘மறுவவிப்பு’ ஆகி வாயில் நுழையாது. பிரித்தே எழுதுவோம்.