லப்லாபிக்குப் போட்ட கடலை அவியவே இல்லை, நீரும் கசக்கிறது: எங்கே பிழை?

கரவெட்டியான் | ஞாயிறு மாலை

வணக்கம். நான் பாரிஸில் இருக்கிறேன். முன்பு வேலை செய்த உணவகத்தில் துனிசியாக்காரர் ஒருவர் மூத்த சமையலாளராக இருந்தார். குளிர்காலக் காலைகளில் எங்களுக்கெல்லாம் லப்லாபி செய்து தருவார். கோப்பையில் பழைய பாணைப் பிய்த்துப் போட்டு, மேலே கொண்டல் கடலையும் அதன் அவித்த நீரும் ஊற்றி, உள்ளி, நற்சீரகம், ஹரிஸா என்கிற மிளகாய் விழுது, தேசிக்காய்ப் புளி, ஒலிவ் எண்ணெய், அரை அவியலில் ஒரு முட்டை. ஊரில் கூழ் குடித்த மாதிரி உடம்பே சூடாகிவிடும். அவர் ஓய்வு பெற்று பிஸெர்ட்டுக்குப் போய்விட்டார். செய்முறையைக் கேட்டு எழுதி வைக்காமல் விட்டுவிட்டேன்.

இப்போது அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறா. அவவுக்குச் செய்து கொடுக்க வேண்டும் என்று இரண்டு தடவை முயன்றேன், இரண்டும் சரிவரவில்லை. அம்மாவுக்குப் பல் சரியில்லை, அதனால் கடலை நன்றாக மசிய வேண்டும்.

செய்தது இதுதான். 250 கிராம் காய்ந்த கடலையை இரவு ஊற வைத்தேன். காலையில் எண்ணெயில் உள்ளியும் நற்சீரகத் தூளும் போட்டு வதக்கி, ஹரிஸா இரண்டு மேசைக்கரண்டி, தக்காளிக் களி ஒரு சின்னப் பேணி, கடலை, தண்ணீர், ஒரு தேசிக்காயின் சாறு எல்லாவற்றையும் ஒன்றாகச் சட்டியில் போட்டு இரண்டரை மணி நேரம் அவித்தேன். கடலையின் தோல் கடதாசி மாதிரி, உள்ளே மாவு மாதிரி. நீர் கசந்தது. உறைப்பு நாக்கில் குத்துகிறதே தவிர, அவர் செய்ததில் இருந்த வாசம் இல்லை.

எங்கே பிழை விட்டேன்?


வைகைக்கரை | ஞாயிறு இரவு

மூன்று விஷயம் சொல்லுங்கள் தம்பி. கடலை வாங்கி எவ்வளவு நாள் ஆச்சு? எங்கே வைத்திருந்தீர்கள்? உங்கள் வீட்டுத் தண்ணீர் உப்புத் தண்ணீரா, அதாவது கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா?


கரவெட்டியான் | ஞாயிறு இரவு

கடலை போன வருடம் வாங்கியது, கூடவும் இருக்கலாம். சூடாக்கிக்கு மேலே இருக்கும் அலுமாரியில் இருந்தது. கெட்டில் அடியில் மாதம் ஒரு தடவை வினாகிரி ஊற்றித்தான் வெள்ளையை எடுக்க வேண்டும்.


வைகைக்கரை | ஞாயிறு இரவு

அப்படியென்றால் கடலை அவியாததற்கு ஒன்றல்ல, மூன்று காரணம் இருக்கிறது.

கடலை அவிவது என்பது அதன் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் கரைவதுதான். பாரிஸ் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அதிலுள்ள கால்சியம் அந்தப் பெக்டினோடு சேர்ந்து தோலை இறுக்கிவிடும். இது ஒன்று. புளிப்பில் பெக்டின் சுலபத்தில் கரையாது. நீங்கள் தக்காளியையும் எலுமிச்சையையும் முதலிலேயே ஊற்றிவிட்டீர்கள், இது இரண்டு. மூன்றாவது, சூட்டிலும் ஈரக்காற்றிலும் நாள்பட்டுக் கிடந்த பயறு உள்ளேயே இறுகிப்போகும். அப்புறம் எத்தனை மணி நேரம் அடுப்பில் வைத்தாலும் முழுசாக வராது. சூடாக்கிக்கு மேலே இருந்த பையை மறந்துவிடுங்கள், புதிதாக வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர். சுண்டலுக்குக் கூட நான் கேன் தண்ணீரில்தான் ஊற வைப்பேன். ஊறும் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு போடுங்கள். உப்புப் போட்டால் கடலை வேகாது என்று பாட்டி காலத்திலிருந்து சொல்வார்கள். ஊற வைக்கும்போது நடப்பது அதற்கு நேர்மாறு: உப்பிலுள்ள சோடியம் தோலில் இருக்கும் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, தோல் இளகுகிறது. கசப்பு பற்றி எனக்குச் சரியாகத் தெரியவில்லை. துனிசில் இருந்தவர்கள் யாராவது வந்து சொல்லட்டும்.


மெதினாவாசி | திங்கள் காலை

தம்பி, கணவர் வேலைக்காக நான்கு வருடம் துனிஸில் இருந்தோம். லப்லாபி என்ற பெயரைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கசப்புக்குக் காரணம் நீங்கள் தாளித்தது. நமக்குச் சீரகம் என்றாலே கை எண்ணெய்ச் சட்டிக்குப் போய்விடுகிறது. லப்லாபிக்குத் தாளிப்பே கிடையாது. சூடான எண்ணெயில் சீரகத் தூள் சில நொடிகளில் கருகும், பூண்டும் கருகும், அதன்மேல் ஹரிஸாவும் விழுந்தால் மிளகாயும் பூண்டும் சேர்ந்து கருகிவிடும். அந்தக் கருகலை இரண்டரை மணி நேரம் கொதிக்க வைத்திருக்கிறீர்கள். வாசமும் அப்படித்தான் போயிருக்கிறது.

அங்கே கடைகளில் கடலை வெறும் தண்ணீரில், கொஞ்சம் உப்போடும் பூண்டோடும் பெரிய பானையில் அவிந்துகொண்டிருக்கும். நீர் வெளிறித்தான் இருக்கும். மண் கோப்பையும் ரொட்டியும் நம் கையில் கொடுப்பார்கள், பிய்த்துப் போடுவது நம் வேலை. கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால், கடைக்காரர் அதன்மேல் கடலையும் நீரும் ஊற்றி, அப்போதுதான் சீரகம், ஹரிஸா, நசுக்கிய பூண்டு, எலுமிச்சை, எண்ணெய் எல்லாம் போடுவார். மேலே முட்டை, கேட்டால் டூனா மீன், உப்பில் ஊறிய கேப்பர் மொட்டு. இரண்டு கரண்டியால் கிளறிக் கிளறி ரொட்டி, முட்டை, ஹரிஸா எல்லாம் ஒன்றான பிறகுதான் சாப்பிடுவார்கள். சிவப்பு கோப்பைக்குள் வருவது, பானைக்குள் அல்ல. தக்காளிக் களியை விட்டுவிடுங்கள்.

நான் வீட்டில் செய்யும் அளவு: 250 கிராம் கடலைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். ஆறு பல் பூண்டு முழுசாக, ஒரு தேக்கரண்டி உப்பு. கடலை மசிந்த பிறகு ஒரு கரண்டி கடலையை எடுத்து அரைத்து நீரிலேயே கரைப்பேன், நீருக்கு உடம்பு வரும். சீரகத்தை முழுசாக வெறும் சட்டியில் இளம் வறுப்பாக வறுத்து அன்றைக்கே இடிக்க வேண்டும். ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி. அதிகம் என்று தோன்றும், ஆனால் லப்லாபி சீரகத்தால் நிற்கிற சாப்பாடு, குறைத்தால் வெறும் கடலைத் தண்ணீர்தான். ஹரிஸாவை நேராகப் போடாமல் சூடான நீர் ஒரு கரண்டியில் கரைத்து ஊற்றுங்கள். பூண்டில் பாதி அவிந்தது, பாதி பச்சையாக உப்போடு நசுக்கியது. இந்தப் பச்சைப் பூண்டுதான் உங்கள் சமையலாளர் செய்ததில் இருந்த வாசம் என்று நினைக்கிறேன். இன்னொன்று ஹரிஸாவுக்குள் இருக்கும் கர்வியா, நம் ஆட்கள் கேரவே என்பது, பார்க்கச் சீரகம் மாதிரி இருக்கும் விதை. நீங்கள் வாங்கிய ஹரிஸாவில் அது இருக்கிறதா என்று லேபிளில் பாருங்கள்.

ரொட்டி முந்தின நாளையதாக இருக்க வேண்டும். புதுசு போட்டால் களியாகிவிடும்.


அடுப்படி | திங்கள் மதியம்

சோடா உப்பு கொஞ்சம் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமே.


கரவெட்டியான் | செவ்வாய் இரவு

மெதினாவாசி அக்கா, வைகைக்கரை அண்ணா, இருவருக்கும் நன்றி. எழுதியதை எல்லாம் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டேன். என் ஹரிஸாவில் மிளகாய், உப்பு, மாப்பொருள் மட்டும்தான் இருக்கிறது. கேரவே இல்லை, உள்ளி கூட இல்லை.

ஆனால் இன்று அவசரத்தில் அடுப்படி சொன்னதைச் செய்தேன். அவிக்கும் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி அப்பச்சோடா. கடலை அவிந்தது, தோல் எல்லாம் கழன்று கூழாகிவிட்டது. ஆனால் சவர்க்காரம் மாதிரிச் சுவை. அம்மா ஒன்றும் சொல்லாமல் இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு வைத்துவிட்டா. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.


வைகைக்கரை | செவ்வாய் இரவு

சோடாவை அவிக்கும் தண்ணீரில் போடாதீர்கள், அதுவும் லப்லாபிக்கு. அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கப் போகிறோம். ஊற வைக்கும் தண்ணீரில் 250 கிராமுக்கு அரைத் தேக்கரண்டி, காலையில் அதைக் கொட்டிவிட்டு மூன்று தடவை கழுவுங்கள். சோடா புளிப்புக்கு நேரெதிரான காரப்பொருள், பெக்டினைச் சீக்கிரம் உடைக்கும், அளவு மீறினால் இப்படிக் கூழாகும்.

அவிக்க வடிகட்டிச் சாடித் தண்ணீர் எடுங்கள். பிரஷர் குக்கர் இருந்தால் ஆவி பிடித்த பிறகு சின்னத் தீயில் இருபது நிமிடம், அம்மாவுக்கு என்பதால் இன்னும் ஐந்து. ஆவி தானாக அடங்கட்டும். உடனே திறந்தால் தோல் வெடித்துத் தனியாக மிதக்கும்.


மெதினாவாசி | புதன் காலை

அந்தக் கூழைக் கொட்டிவிடாதீர்கள் தம்பி. வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, எள் விழுதும் எலுமிச்சையும் சேர்த்து அரைத்தால் பாணுக்குத் தொட்டுக்கொள்ள ஆகும்.

நீங்கள் லா ஷப்பெல் பக்கம் என்றால் பார்பெஸ் அடுத்த மெட்ரோ நிறுத்தம்தானே? இன்றைக்குப் புதன், சனிக்கிழமையும் அங்கே காலைச் சந்தை இருக்கும். பக்கத்து மக்ரெப் (வட ஆப்பிரிக்க) மளிகைக் கடைகளில் கலங்கரை விளக்கப் படம் போட்ட மஞ்சள் பேணி ஹரிஸா கிடைக்கும், துனிசியாவின் கேப் போன் பகுதியுடையது. அதில் பூண்டு, மல்லி, கேரவே மூன்றும் உண்டு. துனிசியாவின் ஹரிஸா செய்முறையை 2022இல் யுனெஸ்கோ மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. வெயிலில் காய்ந்த மிளகாயைக் கழுவி, விதை எடுத்து, பூண்டும் கேரவேயும் மல்லியும் சேர்த்து இடித்து, மேலே ஆலிவ் எண்ணெய் நிற்க வைப்பதை அங்கே வீட்டுக்கு வீடு பெண்கள் கூடிச் செய்வார்கள். கூடவே அரைத்த தாபெல் பொடி இருந்தாலும் ஒரு பொட்டலம் வாங்குங்கள். மல்லி, கேரவே, பூண்டு, மிளகாய் சேர்ந்த பொடி அது.


அடுப்படி | புதன் மதியம்

சோடா அளவைச் சொல்லாமல் விட்டது என் தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள். அம்மா மனம் கோணாமல் இருந்தால் போதும்.

இதே இடத்தில் எனக்கும் ஒரு சந்தேகம். நான் மொரோக்கோ ஹரீரா செய்கிறேன். தக்காளி, பருப்பு, கடலை, செலரி, கொத்தமல்லி, இஞ்சி, பட்டை எல்லாம் ஒன்றாகப் போட்டால் பருப்பு கரைந்துவிடுகிறது, கடலை கல்லாக நிற்கிறது. கடைசியில் மாவு கரைத்து ஊற்றினால் கட்டி கட்டியாகிறது.


மெதினாவாசி | புதன் மாலை

அங்கேயும் தக்காளிதான் காரணம். ஹரீராவில் தக்காளியை விட முடியாது, அதனால் கடலையைத் தனியே முக்கால்வாசிக்கு மேல் அவித்துவிட்டுச் சேருங்கள். மாவை அவர்கள் ததுவீரா என்பார்கள். மைதாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் பால்போலக் கரைத்து, ஒரு கையால் நூல்போல ஊற்றி மறு கையால் விடாமல் கிளற வேண்டும். சூப் குதித்துக் கொதிக்கும்போது ஊற்றாதீர்கள், தீயைக் குறைத்துவிட்டு ஊற்றுங்கள். பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் சின்னத் தீயில் இருந்தால் பச்சை மாவு வாடை போகும். நோன்பு திறக்கையில் பேரீச்சம்பழத்தோடு குடிக்கிற சூப் என்பதால் ஹரீராவில் காரம் குறைவு. காரம் வேண்டுமானால் அல்ஜீரியாவின் பிஸ்கராவில் செய்யும் துபாரா இருக்கிறது. கடலை, தக்காளி, பச்சை மிளகாய், சீரகம், மேலே கொத்தமல்லியும் ஆலிவ் எண்ணெயும். அதற்கும் கடலை முதலில் அவிந்தாக வேண்டும்.


வைகைக்கரை | புதன் இரவு

மதுரையில் பேணி ஹரிஸாவுக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: காஷ்மீரி மிளகாய் எட்டு, குண்டு மிளகாய் இரண்டு. விதை எடுத்து வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, பூண்டு நான்கு பல், வறுத்த மல்லி ஒரு தேக்கரண்டி, கேரவே அரைத் தேக்கரண்டி, உப்பு சேர்த்து அரைத்து எண்ணெய் ஊற்றி வையுங்கள். கேரவே கிடைக்காவிட்டால் மல்லியைக் கொஞ்சம் கூட்டுங்கள். சோம்போ ஓமமோ போட வேண்டாம், வாசம் வேறு பக்கம் போய்விடும். பிரியாணிக்குப் போடும் ஷாஹி ஜீராவும் வேறு செடி.


கரவெட்டியான் | ஞாயிறு காலை

நேற்றுச் சனிக்கிழமை பார்பெஸ் போய்ப் புதுக் கடலை, மஞ்சள் பேணி, தாபெல் எல்லாம் வாங்கினேன். இரவு உப்பும் அரைத் தேக்கரண்டி அப்பச்சோடாவும் போட்ட சாடித் தண்ணீரில் ஊற வைத்து, காலையில் கழுவி, குக்கரில் இருபத்தைந்து நிமிடம். ஒரு கடலையை எடுத்து நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் வைத்து அமத்தினேன், கரைந்துவிட்டது. நற்சீரகம் வறுத்து உரலில் இடித்தபோதே வீடு முழுக்க அந்த உணவகத்துக் காலை வாசம் வந்துவிட்டது அக்கா. பச்சை உள்ளியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி.

அம்மா ஒரு கோப்பை முடித்தா. பாண் ஊறிப்போனதால் மெல்லக் கஷ்டமில்லை. "எங்கட கூழுக்குப் பலாக்கொட்டை போடுற மாதிரி இதுக்குக் கடலை" என்றா. இரண்டாவது கோப்பைக்கு உறைப்பைக் குறைக்கச் சொன்னா, தேசிக்காயைக் கூட்டச் சொன்னா.

கடைசியாக ஒன்று: பேணியைத் திறந்துவிட்டேன், பாதிக்கு மேல் மிச்சம். அப்படியே வைக்கலாமா?


மெதினாவாசி | ஞாயிறு மதியம்

பேணியிலேயே வைக்காதீர்கள் தம்பி, உடனே சின்னக் கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றுங்கள். ஈரமில்லாத கரண்டியால் அமுக்கி, காற்றுப் போகாமல் மேலே ஆலிவ் எண்ணெய் ஒரு விரல் உயரம் நிற்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், ஒவ்வொரு தடவை எடுத்த பிறகும் எண்ணெயை நிரப்புங்கள். அம்மாவுக்கு முட்டையோடு இரண்டு கேப்பர் மொட்டும் போட்டுப் பாருங்கள், உப்பை அலசிவிட்டுப் போடுங்கள்.