மேடையிலிருந்து திரைக்கு: அலெக் கின்னஸின் நடிப்பை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

அரங்கியல் மாணவி, யாழ்ப்பாணம்

அனைவருக்கும் வணக்கம். நான் நாடகமும் அரங்கியலும் பயிலும் மாணவி. மேடையில் பழகிய ஒரு நடிகர் திரைக்கு வரும்போது எதைக் குறைக்கிறார், எதை விடாமல் வைத்திருக்கிறார் என்பதை ஒருவருடைய வாழ்க்கையைக் கொண்டு விளக்கும் கட்டுரை ஒன்றை எழுத வேண்டியுள்ளது. பிரித்தானிய நடிகர் அலெக் கின்னஸைத் தெரிவு செய்துள்ளேன். அவருக்கு ஒஸ்கார் விருது பெற்றுத் தந்த 'குவாய் நதிப் பாலம்' எமது நாட்டில், கித்துல்கலையில் படமாக்கப்பட்டது என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை அவர் எத்தனையோ முகங்கள் கொண்டவர் என்று புகழ்வதோடு நின்றுவிடுகின்றன. அந்த முகங்கள் ஒப்பனையால் வந்தவையா, மேடைப் பயிற்சியால் வந்தவையா? கித்துல்கலையில் அவருக்கும் நெறியாளர் டேவிட் லீனுக்கும் இடையே ஏற்பட்ட பிணக்கு எதைப் பற்றியது? அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கொக்குவில்

வணக்கம் பிள்ளை. கித்துல்கலையைப் பற்றி வேறு யாராவது சொல்லட்டும். மேடைக்காலத்தைப் பற்றி நான் எழுதுகிறேன்.

கின்னஸ் 1914 ஏப்ரல் 2 ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். அவருடைய பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் பெயர் இல்லை. தாம் யார் என்ற கேள்விக்கு விடை கிடைக்காதவர் ஆகையால்தான் பிறருடைய உருவங்களுக்குள் ஒளிந்துகொண்டார் என்று உளவியற் காரணம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. தகப்பனைத் தெரியாத பிள்ளைகள் எல்லோரும் நடிகர்களாகிவிடுவதில்லை. அவர் யாரிடம் பயின்றார், எந்த மேடையில் யாருக்குப் பக்கத்தில் நின்றார் என்று பார்ப்பதே உங்கள் கட்டுரைக்கு உதவும்.

இளமையில் விளம்பர நிறுவனம் ஒன்றில் வாசகம் எழுதும் வேலை பார்த்துவிட்டு, கையில் காசில்லாத நிலையில் நாடகப் பயிற்சிக்கு வந்தவர் அவர். 1934 இல் ஜோன் கீல்குட் தாம் நெறிப்படுத்தி நடித்த 'ஹம்லெட்' நாடகத்தில் ஒஸ்ரிக் என்ற சிறிய வேடத்தை அவருக்குக் கொடுத்தார். நான்கு ஆண்டுகளுக்குள், ஓல்ட் விக் அரங்கில் ரைரோன் கத்ரி தற்கால உடையில் மேடையேற்றிய அதே நாடகத்தில் கின்னஸ் ஹம்லெட்டாகவே நடித்தார். பிறகு போர் வந்தது. கடற்படையில் சேர்ந்து, 1943 இல் சிசிலித் தீவில் துருப்புகளை இறக்கிய படகுகளுள் ஒன்றுக்குத் தலைமை தாங்கினார்.

போருக்கு முன் நடந்த ஒரு சிறு முயற்சிதான் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது. 1939 இல் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' கதையைத் தாமே நாடகமாக்கி, அதில் ஹேர்பேட் பொக்கெற் என்ற இளைஞனாக நடித்தார். அந்த நாடகத்தைப் பார்த்திருந்த லீன், 1946 இல் கதையைப் படமாக்கியபோது அதே வேடத்துக்கு அவரை அழைத்தார். இன்னொன்றும் சுவையானது: நாடகத்திலும் படத்திலும் மிஸ் ஹவிஷாமாக நடித்த மாட்டீற்றா ஹன்ற் அம்மையார், முன்னர் கின்னஸுக்கு நடிப்புப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்.

அதே 1946 இல் மேடையில் லோரன்ஸ் ஒலிவியர் லியர் மன்னனாக நடித்தபோது, அரசவைக் கோமாளியாகக் கூட நின்றவர் கின்னஸ். அந்தக் கோமாளிக்கு வசனம் அதிகமில்லை. அரசன் முழங்கும்போது கேட்டுக்கொண்டு நிற்பதே அவனுடைய பெரும்பகுதி வேலை. ஒலிவியரோடு குரலில் போட்டி போடாமல், கேட்கும் விதத்தாலேயே பார்வையாளரைத் தம் பக்கம் திருப்பினார் என்பதுதான் அந்த நடிப்புக்குக் கிடைத்த பாராட்டு. திரைக்குத் தேவையான பாடத்தை அவர் அங்கேயே படித்துவிட்டார் என்பது என் அபிப்பிராயம்.

கூத்தாடி, வட்டுக்கோட்டை

ஆசிரியர் ஐயா காதைப் பற்றிச் சொன்னார். நான் காலைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் கூத்துக் களரியில் ஒருவன் வரவு ஆட்டத்தோடு வரும்போதே, அவன் வாய் திறப்பதற்கு முன்னர், வந்தவன் அரசனா காவலனா என்று சபைக்குத் தெரிந்துவிடும். கின்னஸும் ஒரு பாத்திரத்தின் நடையைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்தப் பாத்திரம் தம் கைக்கு வந்ததாகக் கருதியவர்.

'குவாய் நதிப் பால'த்தில் இதற்குச் சிறந்த சான்று உள்ளது. அவர் ஏற்ற வேடம், யப்பானியரிடம் பிடிபட்ட பிரித்தானியப் படைப்பிரிவின் தலைவர் கேணல் நிக்கல்சன். அதிகாரிகள் கூலிவேலை செய்யமாட்டார்கள் என்று மறுத்ததற்காக அவரை வெயிலில் ஒரு தகரக் கூண்டுக்குள் அடைத்துவைக்கிறார்கள். வெளியே விடப்பட்டதும், முகாம் தலைவர் சைற்றோவின் குடிசைவரை அவர் நடந்து செல்ல வேண்டும். கால்கள் மடிகின்றன, உடம்பு ஒரு பக்கம் சரிகிறது, ஆனாலும் இராணுவ மிடுக்கை விடக்கூடாது என்ற பிடிவாதம் முதுகில் தெரிகிறது. அவருடைய மகன் மத்தியூ சிறுவயதில் போலியோ நோயால் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, பின்னர் மெல்ல மெல்ல நடக்கத் தொடங்கியபோது கண்ட நடையைத்தான் கின்னஸ் அந்தக் காட்சிக்கு எடுத்துக்கொண்டார். வசனம் இல்லாத அந்தச் சில கணங்களைத் தமது மிகச் சிறந்த வேலைகளுள் ஒன்றாக அவர் கருதினார். மகன் பிழைத்த அந்த அனுபவம் அவருடைய சமய வாழ்வையும் மாற்றியது. 1956 இல் கத்தோலிக்கத்தைத் தழுவினார்.

பிணக்கு பாத்திரத்தைப் பற்றியதுதான். நிக்கல்சனிடம் கொஞ்சம் நகைச்சுவையும், பார்ப்பவர் பரிவு கொள்ளும் தன்மையும் இருக்க வேண்டும் என்று கின்னஸ் நினைத்தார். சலிப்பூட்டும் அளவுக்கு விதிகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் மனிதராகவே அவர் இருக்க வேண்டும் என்று லீன் நின்றார். கின்னஸ் முதலில் இந்த வேடத்தை மறுத்துவந்தவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். களனி கங்கை ஓரத்து வெப்பத்தில் இருவருக்கும் பேச்சு முற்றியது. ஆயினும் படத்தைப் பார்க்கும்போது இரண்டு பேருடைய எண்ணமும் அந்த ஒரே மனிதருக்குள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: எதிரிக்காகக் கட்டிய பாலத்தைத் தடவிப் பார்த்துப் பெருமைப்படும் அந்த மூடத்தனத்தில் லீன் தெரிகிறார், அதைப் பார்த்து எமக்குக் கோபத்தைவிட இரக்கம் அதிகமாக வருவதில் கின்னஸ் தெரிகிறார்.

மரத்தால் கட்டிய அந்தப் பாலத்தை 1957 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். பிரதமர் பண்டாரநாயக்கவும் பார்க்க வந்திருந்தார். முதல் நாள் ஒளிப்பதிவாளர் ஒருவர் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேராததால் வெடிப்பை நிறுத்த வேண்டி வந்தது. பாலத்தைக் கடந்து போன புகையிரதம் மறுபக்கத்தில் மின்பிறப்பாக்கியோடு மோதியது. மறுநாள்தான் காட்சி சரியாக அமைந்தது. படத்துக்கு ஏழு ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று கின்னஸின் சிறந்த நடிகர் விருது. இங்கிலாந்து அரசு 1959 இல் அவருக்கு 'சேர்' பட்டம் வழங்கியது.

வாசகி, சுன்னாகம்

மேலே எழுதிய இருவரும் ஒப்பனையை இலேசாகக் கடந்துவிட்டார்கள். கட்டுரையில் அதை விடமுடியாது.

1948 இல் வெளியான 'ஒலிவர் ட்விஸ்ட்' படத்தில் அவர் ஃபேகின் என்ற யூதத் திருட்டுத் தலைவனாக நடித்தார். அந்த வேடத்தை அவருக்குக் கொடுக்க லீன் தயங்கியபோது, வேடமிட்டு வந்து தம்மைச் சோதித்துப் பார்க்கும்படி கேட்டவரே கின்னஸ்தான். பழைய டிக்கன்ஸ் பதிப்பில் இருந்த குறுக்ஷாங்கின் ஓவியத்தை ஒட்டிப் பெரிய மூக்கு பொருத்தினார்கள். யூத இன அழிப்பு நடந்து மூன்றே ஆண்டுகள் கழிந்திருந்த வேளையில் அந்த மூக்கு என்ன பேசியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பேர்லினில் எதிர்ப்பு எழுந்தது. அமெரிக்காவில் படம் 1951 இல்தான், அதுவும் வெட்டுகளுடன், வெளியானது.

1984 இல் 'எ பஸேஜ் ரு இந்தியா' படத்தில் முகத்துக்கு மண்ணிறம் பூசிக்கொண்டு பேராசிரியர் கொட்போலே என்ற பிராமணராக வந்தார். விக்ரர் பனர்ஜி, றொஷான் சேத், சயீட் ஜஃப்ரி ஆகியோர் அதே படத்தில் இருக்கும்போது, அவர்களுக்கு நடுவே இவர் மட்டும் வேடதாரியாகவே தெரிகிறார். இந்தத் தேர்வு பலத்த கண்டனத்துக்கு உள்ளானது. நடையைப் பிடிக்கலாம், குரலைப் பிடிக்கலாம். ஒரு சமூகத்தை வெளியிலிருந்து பார்த்துப் பிடிக்க முடியாது என்பதையும் அவருடைய வாழ்க்கை காட்டுகிறது.

அரங்கியல் மாணவி, யாழ்ப்பாணம்

மூவருக்கும் மிக்க நன்றி. ஆசிரியர் ஐயா, இரண்டு விடயங்கள் கேட்கலாமா? 1951 இல் அவர் மீண்டும் ஹம்லெட்டாக நடித்துத் தோல்வியடைந்ததாக வாசித்தேன். கட்டுரையில் அதற்கு இடம் இருக்கிறதா? மேலும், ஒரே படத்தில் அவர் எட்டு வேடம் ஏற்ற 'கைன்ட் ஹார்ட்ஸ் அன்ட் கொரோனெற்ஸ்' படத்தை முதன்மைச் சான்றாக எடுக்கலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், கொக்குவில்

தோல்விக்குச் சில வரிகள் ஒதுக்குங்கள். நடிப்போடு நெறியாள்கையிலும் அவரே பங்கெடுத்தார்; முதல் இரவில் ஒளியமைப்பும் பிசகியது; விமர்சகர்கள் விட்டுவைக்கவில்லை. ஆனால் அதோடு மேடையை அவர் கைவிட்டதாக எழுதிவிடாதீர்கள். 1953 இல் கனடாவின் ஸ்ராட்போர்ட் விழா ஒரு கூடாரத்தில் தொடங்கியபோது மூன்றாம் றிச்சர்டாக முதல் நாடகத்தில் நடித்தவர் அவர்தான். 1964 இல் நியூயோர்க்கில் கவிஞர் டிலன் தோமஸாக நடித்து, அமெரிக்க நாடக விருதான ரோனி விருதைப் பெற்றார்.

1949 இல் வந்த அந்தப் படத்தை முதன்மைச் சான்றாக எடுக்க வேண்டாம் என்பேன். முதலில் நான்கு வேடங்களுக்குத்தான் அவரைக் கேட்டார்கள். எட்டையும் கேட்டு வாங்கியவர் அவர். பெண்மணி ஒருவரும் அந்த எட்டுக்குள் அடங்குவார். பார்க்க மிகச் சுவையானது, ஆனால் தேவாலயக் காட்சியில் ஆறு பேர் ஒருசேரத் தெரிவதற்குக் காரணம், கமராவை அசையாமல் நிறுத்தி, வில்லையை மறைத்து மறைத்து எடுத்த டக்ளஸ் ஸ்லொக்கொம்பின் திறமை. 1977 இன் 'ஸ்ரார் வோர்ஸ்' பற்றியும் ஒரு வரி போதும். இலாபத்தில் பங்கு பேசி வைத்திருந்ததால் அது அவரைச் செல்வந்தராக்கியது, அந்த வசனங்களை அவர் விரும்பவில்லை.

அதற்குப் பதிலாக 1979 இல் பிபிசி ஏழு பகுதிகளாக ஒளிபரப்பிய 'ரிங்கர் ரெய்லர் சோல்ஜர் ஸ்பை' தொடரைப் பாருங்கள். உளவுத்துறையின் ஓய்வுபெற்ற அதிகாரி ஜோர்ஜ் ஸ்மைலியாக, ஒட்டுமூக்கு இல்லாமல், மூக்குக்கண்ணாடியோடு மட்டும் வருகிறார். ஒவ்வொருவராக எதிரே வந்து பேசுகிறார்கள், அவர் கேட்கிறார். யார் பொய் சொல்கிறார் என்பது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் இடைவெளியில் எமக்குத் தெரிகிறது. லியரின் கோமாளியையும் ஸ்மைலியையும் அடுத்தடுத்து வைத்து எழுதினால் உங்கள் முதற் கேள்விக்கு விடை வரும். கோமாளியை இனிப் பார்க்க வழியில்லை, அக்கால விமர்சனங்களைத்தான் நம்ப வேண்டும். ஆகவே ஸ்மைலியிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்.