பில்லியர்ட்ஸ் மேசையில் பூல் ஆடலாமா?

கேள்வி: கிளப்பில் 12×6 அடி பில்லியர்ட்ஸ் மேசை இருக்கிறது. பூல் பந்துகள் மட்டும் வாங்கினால் போதுமா? இரண்டுக்கும் வித்தியாசம் என்ன?

பதில் 1: போதாது. பூல் பந்து சுமார் 57 மி.மீ., பில்லியர்ட்ஸ் பந்து 52.5. இந்த மேசையின் பாக்கெட் (பந்து விழும் குழி) வாய் குறுகல், விளிம்பும் வளைவு. பெரிய பந்து இரு பக்கமும் தட்டித் திரும்பிவிடும். குஷன் (மேசை ஓரத்து ரப்பர் தடுப்பு) உயரமும் சின்னப் பந்துக்கே அமைத்தது. பூலுக்கு 9×4.5 அடி மேசைதான் சரி.

பதில் 2: ஆட்டமே வேறுங்க. பூலில் வெள்ளைப் பந்து குழியில் விழுந்தால் ஃபவுல். பில்லியர்ட்ஸில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு என மூன்றே பந்து. சிவப்பில் பட்டு உங்கள் பந்து விழுந்தால் 3 புள்ளி! எதிராளி பந்தில் பட்டு விழுந்தால் 2. உங்கள் பந்து மற்ற இரண்டு பந்தையும் தொட்டால் கேனன், அதற்கும் 2. இந்தக் கோணக் கணக்குதான் பில்லியர்ட்ஸின் அழகு.

பதில் 3: கியூவும் (பந்தை அடிக்கும் கோல்) தனி. பூல் கியூ நுனி 12-13 மி.மீ., பில்லியர்ட்ஸுக்கு 9-10.